மூக்கறுவையும் அயற்பொருளும்

முகவென்புகளினுள்ளே மூக்கோடு தொடர்புடைய காற்றறைகள் நான்கு இணை உள. இவற்றை மருத்துவர் சைனஸ் என்பர். இவ்வறைகளின் உட்புறத்தைப் போர்த்த மென்சவ்வின்மீதுள்ள நுண்ணிய இழைகள் ஓயாது அசைந்து, சளியைச் சிறு வாயில்களின் வழியே மூக்கினுள் தள்ளுகின்றன. வாயில் அடைபடின் சளி தேங்கும், சீழ் பிடிக்கும், முகநோவு உண்டாம். நோய் நாட்பட்டு மருந்திற்கு அடங்காதவிடத்து, உள்நோக்குக் குழாயை மூக்கினுட் செலுத்தி அவ்வாயிலை அகலத் திறக்கின்றனர்.

திறந்த வாயில் திறந்தபடியே நிற்குமோ? புண் ஆறுங்கால் இருபுறச் சவ்வும் ஒட்டிக்கொண்டு வழி மீண்டும் அடைபடுதல் உண்டு. அதனைத் தடுத்தற்பொருட்டு அயற்பொருளொன்றை இடையே வைப்பதுண்டு. அஃது எத்தகையதாதல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

முதற்கண் நம் நாட்டு வரலாறொன்றை நோக்குவோம். 1792-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடோட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையினரிடம் அகப்பட்டு, மூக்கும் ஒரு கையும் இழந்தார். பின்னர்ப் பூனாவையடுத்து நாட்டு வைத்தியர் ஒருவர், அவர்தம் நெற்றித்தோலைக் கீறித் திருப்பிப் புதுமூக்கு அமைத்தார். இச்செய்தி 1794-இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. 1814-இல் கார்ப்யூ என்னும் மருத்துவர் அம்முறையை அங்கே கையாண்டார். அத்தோல் பட்டுப்போகாமைக்குக் காரணம் யாது? புருவங்களுக்கிடையே ஒரு சிறு பகுதியை அறாது விட்டமையால் குருதி இடையறாது பாய்ந்ததே காரணமாம்.

செயற்கைப் பொருளுக்கோ குருதியோட்டம் இல்லை. அதன்மேற் கிருமிகள் படலமாய்ப் படியின், மருந்து அவற்றை எளிதில் வெல்லாது. ஆகவே, சவ்வுகளுக்கிடையே வைத்த சிலிகோன் தகட்டைப் புண் ஆறியபின் எடுத்துவிடுகின்றனர்.

இவ்விடர் நோக்கிக் கரையும் பொருளை நாடினர். லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாலான பாலிமரைக்கொண்டு செய்த சிறு வலைச்சட்டமொன்றை 2011-இல் அமெரிக்க அரசு ஏற்றது. அது வழியை விரித்துப் பிடித்துக்கொண்டே, தன்மேற் பூசிய மருந்தை ஏறத்தாழ 30 நாள் சிறுகச் சிறுக விடுத்து, நாளடைவில் தானும் கரைந்தொழியும்.

சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தாரும், விலங்குத்தோலினின்று கொலாஜன் பிரித்துத் தீப்புண்மேற் போர்த்தும் படலம் ஆக்கியுள்ளனர். அது செயற்கைப் பொருளன்று. எனினும் புண் ஆறுந்துணையும் உடனிருந்து உதவுதல் இரண்டற்கும் பொது.

ஆகலின், அயற்பொருளின் சிறப்பு அதன் வலிமையால் மட்டும் அமைவதன்று. உரிய காலத்தில் நீங்குதலாலும் அமைவதாம். வைத்த பொருள் யாது, கரைவதோ எடுக்கற்பாலதோ, எடுப்பதாயின் எந்நாள் என்பவற்றை மருத்துவரிடம் வினவியறிதல் நோயாளியின் உரிமை, கடமையுமாம். மறந்துவிட்ட தகடு, தீர்த்த நோயையே மீளக் கொணரும்.