முடிச்சை அவிழ்த்துக் காட்டு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய பதினோரு படங்களையும் பார்த்தேன். "அண்ணே, இன்ஸ்டாகிராமில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள், மாசத்துக்கு ஆறு சேலைகூடப் போகவில்லை. வெப்சைட் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருந்தாய். இருபது வருஷமாகச் சின்னக் கடைக்காரர்களுக்கு வலைத்தளம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆமாம் என்று சொல்லி உன்னிடமும் பணம் வாங்கிவிடலாம். ஆனால் உன் அப்பா கடையில் செய்ததை அந்த வெப்சைட் செய்தால்தான் சேலை போகும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பாவிடம் நான் முதல் சுங்குடிச் சேலை வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. என் அம்மாவுக்காக வந்தேன். சேலையை விரித்தார், முந்தியைக் காட்டினார். பிறகு யாரும் கேட்காமலேயே உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். புள்ளி புள்ளியாக நூலால் முடிந்து, சாயம் முக்கி உலர்த்தி, முடிச்சு இன்னும் பிரிக்காத துணி ஒன்று பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து இரண்டு ஓரத்தையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். சடசடவென்று நூல் தெறித்து, அரக்கு நிறத்துக்குள்ளிருந்து வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகக் கண் திறந்தன. "தடவிப் பாருங்க, புள்ளி மேல லேசா குமிழ் நிக்கும். பிரிண்டுல அது வராது" என்றார். பணத்தை வாங்கி வைத்துவிட்டு, "முதல் ரெண்டு தண்ணி தனியா அலசுங்க, சாயம் கொஞ்சம் இறங்கும்" என்றும் சொன்னார். மொத்தமே பத்து நிமிஷம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு கடையில் சுங்குடி எடுத்ததில்லை.

உன் பதினோரு படத்திலும் ஒரு பெண் பூந்தொட்டிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். புள்ளி தெரியவில்லை, உட்பக்கம் தெரியவில்லை, விலையும் இல்லை. கீழே "விலைக்கு டிஎம் செய்யவும்" என்று ஒரு வரி. அப்பா செய்ததில் ஒன்றுகூட அங்கே இல்லை, தங்கச்சி.

முதல் வேலை இது. வாட்ஸ்அப்பில் மூன்று மாசம் பின்னால் போய், வாங்க வந்தவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் அவர்கள் வார்த்தையிலேயே எழுது. "இது கையில முடிஞ்சதா, பிரிண்டா?" "சாயம் போகுமா?" "பிளவுஸ் பிட் உண்டா?" "படத்துல இருக்கிற கலர்தான் வருமா?" "கோயமுத்தூருக்கு எத்தனை நாள்?" "புடிக்கலைன்னா திருப்பி எடுப்பீங்களா?" இருபது கேள்வி தேறும். அந்த இருபதுக்கும் நேர்மையான பதில் இருந்தால் உன் வெப்சைட் பாதி முடிந்தது. மீதிப் பாதி படம்.

இந்தக் கேள்விகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. கூகுளில் தட்டுகிறவர்களும் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் தட்டுகிறார்கள். தமிழில் தட்டுகிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள், பாதிக்குப் பாதி கலந்தும் தட்டுகிறார்கள். "பாரம்பரியத்தின் நேர்த்தி" என்று யாரும் தேடுவதில்லை. "ஒரிஜினல் மதுரை சுங்குடி கண்டுபிடிப்பது எப்படி" என்று தேடுகிறார்கள். மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் அச்சுத் துணி அதே பெயரில் பாதி விலைக்கு விற்கிறது, வாங்குகிறவருக்குப் பயம் வரத்தானே செய்யும்? ஆகவே உன் தளத்தின் முதல் பெரிய பக்கம் இதுவாக இருக்கட்டும்: கைமுடிச்சு ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம், இரண்டுக்கும் அருகில் எடுத்த படம், வித்தியாசம் என்ன என்று நாலு வரி. அச்சுச் சேலையும் நீ விற்கிறாய் என்றால் அதை அச்சு என்றே போடு. ஒளித்தால் முதல் சேலையோடு அந்த ஆள் போய்விடுவார். இரண்டாவது பக்கம், துவைப்பது எப்படி என்று. சாயம் இறங்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே படிக்கும்படி வை.

தளம் ஓட ஆரம்பித்ததும் கூகுளின் சர்ச் கன்சோலில் அதைப் பதிந்துகொள், இலவசம்தான். எந்தச் சொல்லைத் தட்டியபோது உன் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று அது காட்டும். நீ நினைத்தே பார்க்காத கேள்வி ஒன்று அதில் இருக்கும். அடுத்த பக்கத்தை அதற்கு எழுது. "கூகுளிலிருந்து பேசுகிறோம், முதல் இடத்தில் நிறுத்துகிறோம்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடு. விளம்பரம் என்று குறித்த இடத்தைத் தவிர, தேடல் வரிசையில் இடத்தைக் கூகுள் விற்பதில்லை.

இனி படம். இதில்தான் உன் தொழிலின் லாப நஷ்டமே இருக்கிறது. திரும்பி வரும் சேலைகளில் எத்தனை "கலர் வேற மாதிரி இருக்கு" என்று வருகின்றன, நீயே எண்ணிப் பார். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்காதே. காலை எட்டு மணிக்கு மொட்டைமாடியில் நிழல் விழும் சுவரோரம் போ, நேர் வெயில் வேண்டாம். படம் முழுக்க ஒரே நிறத் துணி நிறைந்திருந்தால் போன் கேமரா குழம்பிப்போய் நிறத்தைத் தானாகத் திருத்தும். அரக்கு ரத்தச் சிவப்பாகும், மயில்கழுத்து வெறும் நீலமாகும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடு, அதைப் பார்த்துக் கேமரா கொஞ்சம் நிதானத்துக்கு வரும். எடுத்ததும் சேலையைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணால் ஒப்பிட்டுப் பார். ஒத்துவரவில்லை என்றால் மறுபடி எடு. அப்படியும் ஒத்துவராத நிறம் உண்டு. அங்கே "நேரில் இதைவிட ஒரு பிடி அடர்த்தி" என்று எழுதிவிடு. எனக்குத் தெரிந்து அந்த மாதிரி ஒரு வரியால் விற்பனை குறைந்ததில்லை, திரும்பி வருவதுதான் குறைந்தது.

ஒரு சேலைக்கு ஆறு படம் போதும். முழு விரிப்பு, முந்தி, கரை, உட்பக்கம், யாராவது கட்டி நிற்பது. ஆறாவது, ஒரு ரூபாய்க் காசை வைத்துப் புள்ளியை மிக அருகில் எடுத்தது. புள்ளியின் அளவு காசை வைத்துத் தெரியும், ஓரத்தின் ஒழுங்கின்மை தெரியும், குமிழும் தெரியும். முடிச்சை இழுத்துப் பிரிப்பதைப் பதினைந்து நொடி வீடியோவாக எடுத்து முகப்பில் வை. பாட்டுச் சேர்க்காதே, அந்தச் சடசட சத்தம் கேட்கட்டும்.

போனில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். பக்கத்துக்குப் பன்னிரண்டு படத்தை அப்படியே ஏற்றினால் ஐம்பது எம்பி. பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிறவர் முதல் படம் வருவதற்குள் வெளியே போய்விடுவார். ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் சுருக்கு. பிறகு வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, உன் அம்மாவின் பழைய போனில் திறந்து பார். அங்கே ஓடினால் எங்கும் ஓடும்.

போஸ்டர் பழக்கத்தையும் விடு. விலை, முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் எழுதிப் போடுகிறாய். அந்த நம்பரைத் தொட்டால் அழைப்பு போகாது, முகவரியை நகலெடுக்க முடியாது, தேடுபொறிக்கும் அது சரியாகப் பிடிபடாது. எழுத்தை எழுத்தாகவே போடு. விலையையும். விலை கேட்டு எழுதக் கூச்சப்படுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்ல அதைவிடக் கூச்சம். தபால் செலவையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே காட்டு. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளும் மொத்த விலை, திருப்பி எடுக்கும் நிபந்தனை, புகாருக்கு யாரைத் தொடர்புகொள்வது ஆகியவற்றைச் சொல்லத்தான் சொல்கின்றன. ஜிஎஸ்டியை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுச் செய், வெளி மாநிலத்துக்கு அனுப்புவதற்கு முன்பே கேள்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011-இல் செக்கு எண்ணெய் வியாபாரி ஒருவருக்குத் தளம் செய்து கொடுத்தேன். அவருக்கு மின்னஞ்சல் இல்லை, அதனால் தளத்தின் முகவரியான டொமைன் பெயரை என் மின்னஞ்சலிலேயே பதிந்தேன். மூன்றாம் வருஷம் என் மின்னஞ்சல் முகவரியை மாற்றினேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் பழைய பெட்டியிலேயே கிடந்தன. கெடு தாண்டிய பிறகும் அபராதம் கட்டி மீட்கச் சில வாரம் அவகாசம் உண்டு, அதுவும் கழிந்தது. பெயரை எங்கோ இருக்கிற ஒருவர் எடுத்துக்கொண்டார். டின்னிலும் பில்லிலும் வண்டியின் பக்கத்திலும் அந்தப் பெயரை எழுதி வைத்திருந்தார் அந்த வியாபாரி. என்னைத் திட்டவில்லை. "விடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை அந்தத் தெரு வழியாகப் போனால் எனக்குத் தலை நிமிராது.

அதனால் சொல்கிறேன். டொமைன் உன் பெயரில், உன் மின்னஞ்சலில், உன் போன் நம்பரில் இருக்க வேண்டும். தளம் செய்து தருகிறவர் நானாகவே இருந்தாலும் என் பெயரில் விடாதே. முடிந்தால் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டு. கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி, கடைப் பத்திரம் இருக்கும் பீரோவில் வை.

இன்ஸ்டாகிராம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். 2020 ஜூன் 29 அன்று அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கில் லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் அத்தனை பேரையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. கூகுள் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கொடுத்த சின்ன வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் கூகுளே மூடியது. அதையே முகவரி என்று அச்சடித்தவர்கள் என்னிடம் ஓடி வந்தார்கள். அந்த இடங்களை விடச் சொல்லவில்லை. திருவிழாக் கூட்டத்தில் கடை போடாமல் யாராவது இருப்பார்களா? கடை போடு, ஆனால் வந்தவர் கையில் வீட்டு முகவரியைக் கொடுத்தனுப்பு. வாங்கியவரின் பெயர், ஊர், போன் நம்பர், என்ன நிறம் எடுத்தார் என்பதை அவர் அனுமதியோடு உன் நோட்டில் எழுதி வை. புதுச் சரக்கு இறங்கும்போது நூறு பேருக்குத் தனித்தனியாகச் சொல்ல முடியும் என்றால், நாலாயிரம் பின்தொடர்வோரைவிட அது பெரிது. வெயில் ஏறும்போதுதான் பருத்திச் சேலை நினைவுக்கு வரும் என்பது உனக்கே தெரியும். சித்திரைக்கு விற்க மாசியிலேயே படமெடுத்து முடி.

கூகுள் வரைபடத்தில் கடை சரியாகப் பதிவாகியிருக்கிறதா பார். திருமலை நாயக்கர் மஹால் பக்கம் உங்கள் கடையைத் தேடி இரண்டு முறை நானே சுற்றியிருக்கிறேன், முள் தப்பான இடத்தில் நிற்கிறது. கடை நேரம், விடுமுறை நாள், வாசல் படம் எல்லாம் போடு. பார்சல் போய்ச் சேர்ந்து, ஒரு துவைப்பும் ஆன பிறகு விமர்சனம் எழுதச் சொல்லிக் கேள். காசு கொடுத்து எழுதி வாங்காதே. குறை சொல்லி எழுதினால் ஒரு நாள் பொறுத்துப் பதில் எழுது, தவறு உன்னுடையது என்றால் ஒத்துக்கொள். "இன்னும் 2 சேலைதான் பாக்கி" என்று, இருபது இருக்கும்போது போடாதே. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதலில் அந்த மாதிரிப் பொய் அவசரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் உன் அப்பா கடையில் அந்தப் பேச்சு எடுபடாது.

விளம்பரத்துக்கு இப்போது பணம் போடாதே. மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு, ஒரு நாளைக்கு இருநூறு ரூபாய் வீதம் பத்து நாள், ஒரே ஒரு வீடியோவுக்குப் போட்டுப் பார். அந்த முடிச்சுப் பிரிக்கிற வீடியோதான். லைக்கை எண்ணாதே. எத்தனை பேர் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று நோட்டில் எழுது. யுபிஐ ரசீது என்று யாராவது படம் அனுப்பினால், உன் வங்கிக் கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அதற்குள் டொமைனைப் பதிந்துவிடு, இருபது கேள்வியையும் எழுதி வை. முடிச்சுப் பிரிக்காத துணி ஒன்றை அப்பாவிடம் கேட்டு எடுத்து வை. அவருக்குக் கை வலி என்று சொன்னாய். இழுப்பது நீயாக இருக்கட்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னால் போதும். காலை எட்டு மணிக்கு மாடியில் இருப்பேன், வெள்ளைத் தாள் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்