மண்ணின் நீர்புகவிடுமியல்பு

வங்காலைக் கரையோர மணலிற் சிறு குழி தோண்டி ஒரு குடம் நீர் ஊற்றினால், குடத்தை நிமிர்த்து முன் நீர் மறைந்துவிடும். உள்ளே முருங்கன் பகுதியிலுள்ள கருங்களி வயலில், மாரி பெய்து நிலம் நன்கு ஊறிய பின் அவ்வாறே செய்தால், மறுநாட் காலையிலும் நீர் குழியில் நிற்கும். நீரைத் தன்னூடு செல்லவிடும் இக்குணமே நீர்புகவிடுமியல்பு எனப்படும்.

மணலில் வெற்றிடம் அதிகம், அதனாலேயே நீர் ஓடுகிறது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நூறு பங்கு மணலில் வெற்றிடம் ஏறக்குறைய 35 முதல் 40 பங்கு; களியிலோ 50 பங்களவு உண்டு. ஆயின் களியின் துளைகள் மிக நுண்ணியவை. துளையின் அகலம் பத்திலொன்றாகக் குறைந்தால் நீர் செல்லும் வேகம் ஏறத்தாழ நூறிலொன்றாகக் குறையும். மட்பானையில் நீர் கசிந்து குளிர்வதும், மெருகிட்ட சாடியிற் கசியாதிருப்பதும் இக்காரணம் பற்றியே. இரண்டும் களிமண்ணாற் செய்யப்பட்டவை, சாடியின் துளைகளை மெருகு அடைத்துவிட்டது.

1856ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து டார்சி என்னும் பொறியியலாளர், மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்தார். நீர்மட்ட வேறுபாடு கூடுமளவுக்கு ஓட்டமும் கூடுமெனக் கண்டார். ஆகவே, கசியும் வயலில் நீரை ஆழமாகக் கட்டுவது கசிவையே பெருக்கும். அத்தகைய வயலிற் குறைந்த நீர் நிறுத்துவதே நன்று.

முருங்கன் களிக்கும் ஒரு குறையுண்டு. கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். கட்டுக்கரைக் குளத்து நீரை அவ்வெடிப்புக்களின் மேற் பாய்ச்சினால், களி ஊதி வாய் மூடும்வரை பெருமளவு நீர் வீணே கீழிறங்கும். அறுவடை முடிந்ததும், ஈரம் முற்றாக வற்றுமுன் மேல்மண்ணை ஆழமின்றி உழுதுவிட்டால் இவ்விழப்புக் குறையும். பின்னர்ச் சேறாக்கி உழும்போது பெருந்துளைகள் அடைபடும். மரக்கறிப் பாத்திக்கு இம்முறை ஆகாது. அங்கு வேர்களுக்குக் காற்றும் வேண்டும்.

மணற்காணியின் இடர் வேறு. மழைநீரை எளிதில் உள்ளே விடும் மணல், கடல்நீரையும் எளிதில் விடும். கரையோரத்தில் மழையாற் சேர்ந்த நன்னீர், பாரம் கூடிய உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. மேல்மட்டம் நெடுநாள் தாழ்ந்திருந்தால் கீழுள்ள உவர் அதன் பல மடங்கு உயரும். கிணற்றில் நீர் குறைந்ததெனக் கண்டு அதை ஆழப்படுத்துவோர், உவரை நோக்கியே தோண்டுகின்றனர். ஆழமில்லாத துரவுகள் இரண்டு மூன்று வைத்து, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக இறைப்பதே தக்கது. இயந்திரத்தால் இறைப்போர் ஓட்டத்தைக் குறைத்து, இடையிடையே நிறுத்தி நீர் ஊறவிடல் வேண்டும். நீர் உவர்த்தால் முதலில் வாடுவன வெங்காயம் போன்ற பயிர்களே. உவர் ஏறிய கிணறு பழைய நிலைக்கு வர ஒரு மாரி போதாமலும் போகலாம்.

மணலில் எருவும் உரமும் நீரோடு இறங்கும். யூரியாவை ஒரே தடவையில் இட்டால் ஒரு பகுதி பயிருக்கு உதவாது, வீட்டார் குடிக்கும் கிணற்றையே சேரும். அதைப் பல தடவைகளாகப் பிரித்து இடுக. மாட்டெருவும் இலைக்குழையும் சேர்த்து மணலின் ஈரம் தாங்கும் தன்மையைக் கூட்டுக. குடிநீர்க் கிணற்றுக்கு அருகே உரமிடும் பாத்தி அமைக்கலாகாது.