தலைப்பெழுத்து வரையும் முறை

நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் ஒட்டிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களில் வெளிவரும் மலர்களைக் கையிலெடுக்கும்போதெல்லாம், உள்ளே கவிதைக்கும் கட்டுரைக்கும் காட்டப்பட்ட சிரத்தையில் காற்பங்கு கூட அட்டையிலுள்ள தலைப்பெழுத்துக்குக் காட்டப்படவில்லையே என்ற விசனம் எனக்கு உண்டாகிறது. கணினியில் அகப்பட்ட எழுத்தொன்றை இடம் நிரம்பும்வரை இழுத்து நீட்டிவிடுகிறார்கள்; கம்பீரமான செரிஃப் பாணி வேண்டுமென்று கேட்டாலோ, தமிழெழுத்தின் காலடியில் ஆங்கில எழுத்தின் பாதத்தை ஒட்டிக் கொடுக்கிறார்கள்.

செரிஃப் என்பது எழுத்தின் கோடு முடியுமிடத்தில் அமையும் சிறு விரிவு. கி.பி. 113 ஆம் ஆண்டில் உரோமாபுரியில் எழுப்பப்பட்ட திராயன் தூணின் பீடத்தில் அதன் பூரண வடிவத்தைக் காணலாம். தட்டைத் தூரிகையால் எழுதிய பின்பு உளியால் செதுக்கியமையால் அது பிறந்தது என்று கருதுவோர் உண்டு. நம் எழுத்தோ ஓலையில் எழுத்தாணி கீறி வளர்ந்தது. சுழியும் வளைவுமே அதன் ஜீவன். மருதமுனைக் கைத்தறிச் சேலைக்குக் கரை எவ்வாறு நெசவோடு நெசவாக வருகிறதோ, அவ்வாறே முனையின் அழகும் கோட்டை எழுதிய கருவியிலிருந்தே வரவேண்டும்.

ஆகவே முதற் காரியம் கருவியைச் செய்துகொள்வது. மூங்கிற் குச்சியொன்றைச் சீவி, நுனியை 5 மில்லிமீற்றர் அகலத்தில் தட்டையாக வெட்டுங்கள். அரபு எழுத்தணிக் கலையில், பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா வகுத்த முறைப்படி, பேனாவின் வாய் பதிக்கும், நுக்தா எனப்படும் சாய்சதுரப் புள்ளியே எழுத்துக்கெல்லாம் அளவுகோல். அந்த நுக்தாக் கணக்கைத் தமிழுக்கும் தாராளமாகப் பிரயோகிக்கலாம். ‘ப’வின் உயரம் ஆறு புள்ளி, இகரக் கொக்கிக்கும் மெய்யின் புள்ளிக்கும் மேலே மூன்று, ‘து’, ‘ரு’, ‘மு’ ஆகியவற்றின் வாலுக்குக் கீழே மூன்று. இந்த அளவுகளைக் குறிக்கும் நான்கு கோடுகளையும் சதுரக் கோட்டுத் தாளில் போட்டுக்கொண்ட பிறகே எழுதத் தொடங்க வேண்டும்.

அடுத்து, பேனா பிடிக்கும் சாய்வைத் தீர்மானிக்க வேண்டும். வாயைக் கிடைக்கோட்டுக்கு 30 பாகையில் பிடித்தால் நிமிர்ந்த கோடு தடிக்கும். 60 பாகையில் பிடித்தால் கிடைக்கோடு தடித்து, நிமிர்ந்த கோடு மெலியும். தலைப்புக்கு நான் 60 பாகையையே விரும்புகிறேன். ஏனெனில் ட, ப, ம ஆகியவற்றின் அடிக்கோடு தடித்தால் தலைப்பு தரையில் ஊன்றி நிற்பதோடு, ‘ண’வைப் போன்ற நெருக்கமான எழுத்துக்களின் வயிறும் அடைபடாது. சாய்வு எதுவாயினும் இடையில் மாற்றுதல் கூடாது. இவ்விதம் எழுதும்போது ‘ப’வின் இரு கோடுகளின் உச்சியும் சாய்வாக வெட்டுண்டு நிற்பதைக் காண்பீர்கள், அதுவே தமிழுக்கு இயல்பான முனை. அதைச் சற்றே கூர்மைப்படுத்தலாமேயன்றி, வேறெதையும் ஒட்ட வேண்டியதில்லை.

எழுதிப் பழகும்போது முதலில் ட, ப, ம. பின்பு வ, ல, ள. அதன் பின்பு க, த, ச. மூன்று சுழி ‘ண’வை இரண்டு சுழி ‘ன’வின் அகலத்திலேயே அடக்கப் பார்க்காதீர்கள், ஒன்றரை மடங்கு இடம் கொடுங்கள்.

எழுத்துக்கள் தேறினவா என்று பரீட்சிக்க ‘அட்டாளைச்சேனை’ என்ற ஊர்ப்பெயரைப் பார்க்கிலும் நல்ல சொல்லை நான் அறியேன். கொம்பு, கால், புள்ளி, இரண்டு ஐகாரம் யாவும் அதில் உள்ளன. பெரியார் 1935 இல் கைக்கொண்டு, தமிழ்நாட்டரசு 1978 இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு, இவ்வூர்ப்பெயரின் ‘ளை’யும் ‘னை’யும் யானைத் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டன, கல்முனையின் ‘னை’யும் அப்படியே. பழமைச் சாயல் வேண்டும் மலருக்கு அவ்வடிவத்தையும் வரைந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாடசாலைப் பிள்ளைகள் வாசிக்க வேண்டிய தலைப்பில் இக்கால வடிவமே தகும்.

நம் ஊர்களுக்கு விசேஷமாகச் சொல்ல வேண்டியது ஸ, ஹ, ஷ, ஜ ஆகிய கிரந்த எழுத்துக்களைப் பற்றி. இவற்றைப் பலர் கடைசியில் அவசரமாக வரைகிறார்கள். நமக்கோ ஸாஹிராக் கல்லூரியென்றும் ஹஜ்ஜென்றும் முஹம்மதென்றும் எழுதாத நாளில்லை. ‘ஹஜ்ஜுப் பெருநாள்’ என்று எழுதிப் பாருங்கள்: ‘ஜு’வின் உகரக் குறி வலப்புறம் தனியே நிற்பதால், அதன் பின்வரும் ‘ப்’ விலகி, சொல் இரண்டாக உடைந்ததுபோலத் தோன்றும். அக்குறியை ‘ஜ’வுக்கு அரைப் புள்ளி நெருக்கினால் சொல் ஒன்றுபடும்.

கணினியில் ஏற்றுவதற்கு ஃபொண்ட்ஃபோர்ஜ் என்ற இலவசச் செயலி போதுமானது. ‘கு’, ‘கூ’ தொடங்கித் தனி வடிவங்கொண்ட உகர ஊகாரங்கள் அனைத்தையும், குறியை ஒட்டாமல் தனி வடிவத்தையே வைக்கும் மாற்று விதியில் சேர்க்க மறவாதீர்கள். வரைய அவகாசமில்லாதவர்கள் நோட்டோ செரிஃப் தமிழ், டீரோ தமிழ் ஆகிய எழுத்துருக்களை எடுத்தாளலாம். துணைத்தலைப்புக்கு, இலங்கையரான தாரிக் அஸீஸ் வரைந்த பவனம் போன்ற முனையற்ற எழுத்து இசையும்.

பிரயோகத்தில் நான் பட்ட அநுபவம் ஒன்றுண்டு. ஒரு மலரின் இரண்டு வரித் தலைப்பில் மேல்வரி ‘ரு’வின் வாலும் கீழ்வரி ‘ஜ்’ஜின் புள்ளியும் முட்டி, அச்சில் ஒரே கறையாய் வந்துவிட்டன, மூலப்படியைச் சிறிய தாளில் பார்த்துச் சரியென்று ஒப்பமிட்டவன் நானே. அதுமுதல், கீழ்வரிப் புள்ளிக்கும் மேல்வரி வாலுக்கும் இடையே ஒரு பேனா அகலமாவது விடுகிறேன். கறுப்பில் வெள்ளையாக அச்சிடும்போது மை பரவி மெல்லிய கோடு மறைந்துபோகுமாதலால், அதைத் தடித்த கோட்டின் பாதிக்குக் குறையவிடாதீர்கள். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், ஒருபக்கமாய் நசுக்காதீர்கள். வரியை முறிக்கும்போது மெய்யெழுத்து அடுத்த வரியின் தலையில் வந்து நிற்கக் கூடாது. கடைசியாக, மூலப்படியை முழு அளவில் எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் எழுத்தைத் திருத்திய பின்பே அச்சுக்கு அனுப்புங்கள்.