பாலைவனத்துக்குக் கணக்கெடுக்கப் போகிறீர்களா?

வைகாசி விசாகத்தை ஒட்டிய பௌர்ணமியில் கொங்கு நாட்டு முருகன் கோயில்களில் கூட்டம் நெரியும். அதே கோடையின் பௌர்ணமி ஒன்றில் ராஜஸ்தான் காடுகளில் வேறொரு வேலை நடக்கும். தண்ணீர் இருக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் பரண் கட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து, குடிக்க வரும் விலங்குகளைக் கணக்கெடுப்பார்கள். ஜெய்சல்மேர் பக்கத்துத் தார் பாலைவனத்திலும் இந்தக் கணக்கெடுப்பு உண்டு. வனத்துறையினரோடு தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். கொடுமுடியிலிருந்து ஒருவர் இப்படிக் கிளம்பினால் அவர் காதில் விழக்கூடிய பேச்சுகளையும், அவற்றுக்கான பதில்களையும் பார்ப்போம்.

நம்பிக்கை: "மணலைத் தவிர அங்கே என்னங்க இருக்குது?"

உண்மை: தார் முழுக்க மணல்மேடு அல்ல. புல், புதர், கல்தரை எல்லாம் கலந்த வெளி அது. கொடுமுடி மகுடேசுவரர் கோயிலில் பிரம்மாவுக்கு நிழல் தரும் வன்னிதான் அங்கே கேஜ்ரி என்ற பெயரில் காட்டோரமெல்லாம் நிற்கிறது. ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் வந்தபோது, மரத்தைக் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டதாக அந்தச் சமூகம் இன்றும் நினைவுகூர்கிறது. காங்கேயம் மாடு மேயும் கொரங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் தாரில் முளைக்கிறது. சிங்காரா மான், பாலைநரி, முள்வால் பல்லி, கானமயில் எல்லாம் அந்த வெளியை நம்பித்தான் வாழ்கின்றன.

நம்பிக்கை: "ஈரோட்டு வெயில்ல வெந்தவனுக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க."

உண்மை: இந்தத் தெம்புதான் ஆளைச் சாய்க்கும். 2016 மே மாதம் தாரின் பலோடியில் வெயில் 51 டிகிரியைத் தொட்டது. காற்றில் ஈரம் இல்லாததால் வேர்வை சட்டையை நனைக்கும் முன்பே ஆவியாகிவிடும். உடம்பு எவ்வளவு நீரை இழந்தது என்று தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் நேரம் வைத்துக் குடிக்க வேண்டும், உப்பும் சேர வேண்டும். மார்கழியில் போனால் பிரச்சினை நேர்மாறு: பகலில் தொப்பி, இரவில் கம்பளி.

நம்பிக்கை: "போனா நெறைய மிருகத்தைக் கிட்டக்கப் பார்க்கலாம்."

உண்மை: பெரும்பாலான நேரம் பார்க்கக் கிடைப்பது காலடித் தடம், புழுக்கை, வெறும் வெளி. பரணில் உட்காராமல் நடந்து எடுக்கும் கணக்கு என்றால், ஒரு குறிப்பிட்ட பாதையில் நடந்து, எங்கே எதைப் பார்த்தோம், எவ்வளவு தூரத்தில் பார்த்தோம் என்று எழுத வேண்டும். ஒன்றுமே தென்படாவிட்டால் அதையும் எழுத வேண்டும். கண்ணில் பட்டதை மட்டும் குறித்து வெறும் நடையை விட்டுவிட்டால், இருப்பதைவிட அதிகம் இருப்பதாகக் கணக்கு பொய் சொல்லும். கிட்டப் போவதும் தவறு. கானமயில் ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் ஒரே முட்டைதான், அதுவும் வெறுந்தரையில் இடும். படம் எடுக்க நெருங்கித் தாய்ப்பறவையைக் கிளப்பிவிட்டால் நாய்க்கோ நரிக்கோ அந்த முட்டை இரையாகலாம். உலகில் எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு என்பதால் ஒவ்வொரு முட்டையும் கணக்கில் வரும்.

நம்பிக்கை: "கணக்கெடுத்து என்ன ஆகப்போகுது?"

உண்மை: கானமயில்கள் உயரழுத்த மின்கம்பிகளில் மோதிச் சாவதை, கம்பிகளின் அடியில் நடந்து நடந்து சடலங்களைத் தேடித்தான் டேராடூனின் இந்திய வனவுயிர் நிறுவனத்தார் நிறுவினார்கள். உடல் கனமானது, நேர் எதிரே பார்வை குறைவு; பறக்கும்போது கடைசி நொடியில் விலக முடியாது. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பிகளைப் பற்றி உத்தரவிட்டபோதும், 2024இல் அதைத் திருத்தி நிபுணர் குழு அமைத்தபோதும் வாதத்துக்கு அடிப்படையாக இருந்தவை இப்படிச் சேர்ந்த தகவல்கள்தான்.

நம்பிக்கை: "காசு கேட்டாலே ஏமாத்துதான்."

உண்மை: வெளிநாட்டுப் பாலைவனங்களில் நடக்கும் பல கணக்கெடுப்புப் பயணங்களில் தன்னார்வலர் கட்டும் பணத்தில்தான் ஜீப்பும் டீசலும் சாப்பாடும் ஓடுகின்றன. பணம் கேட்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. இந்தத் தகவல் யாருக்குப் போகிறது, முன்பு எடுத்த கணக்கு எங்கே வெளியானது, வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்தத் தாளைக் காட்டத் தயங்குகிறவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

நம்பிக்கை: "அதுக்கெல்லாம் விலங்கியல் படிச்சிருக்கோணும்."

உண்மை: பட்டம் வேண்டாம், பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு ரயில் ஏற வேண்டியதும் இல்லை. 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற வெள்ளோடு ஏரி ஈரோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் தமிழ்நாடு வனத்துறை பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. பொங்கலை ஒட்டித் தன்னார்வலர்களும் ஒன்று நடத்துகிறார்கள். முதலில் அங்கே சேர்ந்து, ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, கண்டதையும் காணாததையும் ஒழுங்காக எழுதிப் பாருங்கள். அந்த நோட்டு சரியாக வந்தால் தாருக்கு டிக்கெட் போடலாம்.