கோழிக்குப் போடும் பல்பு

நாமக்கல்

அன்புள்ள கண்ணு,

அப்புச்சி எழுதறேன். போனில் சொன்னால் உன் காதில் ஏறாது. இன்னொரு பக்கம் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் கடிதம்.

போன மாசம் நீ போனில் ஆடுகிற பி.ஜி.எம்.ஐ. ஆட்டத்தில் யூ.சி. வாங்கியதில் 2,400 ரூபாய் போயிருப்பதை உன் அம்மா காட்டினாள். நான் திட்டப் போவதில்லை. லீவில் நீ இங்கே வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். நாலு பேர் பேசிவைத்துக்கொண்டு, விழுந்தவனைத் தூக்கிவிட்டு ஆடுவது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எங்கள் காலத்துச் சேவற்கட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த 2,400-ஐ நம் பண்ணைக் கணக்கில் போட்டுப் பார். முட்டை ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள். 480 முட்டை, 16 அட்டை. அது விற்கிற விலைதான். மக்காச்சோளம், மருந்து, ஆள் கூலி எல்லாம் போக முட்டைக்குக் கால் ரூபாய் நின்றால் எனக்கு அது நல்ல மாசம். அப்படியானால் 9,600 முட்டை லாரி ஏறினால்தான் அந்தக் காசு நம் கைக்கு வரும். ரூபாய்க்கு யூ.சி. என்று வேறு பெயர் வைத்ததே இந்தக் கணக்கை நீ போடாமல் இருக்கத்தான். 60, 300, 600 என்று கட்டாகத்தான் கம்பெனிக்காரன் விற்கிறான். ஆட்டத்தில் உன் ஆளுக்கு நீ ஆசைப்படுகிற சட்டையின் விலை எந்தக் கட்டோடும் சரியாக ஒட்டாது, கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியது வீணாகக் கூடாதே என்று அடுத்த கட்டை வாங்குவாய். நம் வீட்டில் அட்டையில் மிஞ்சுகிற முட்டை குழம்புக்காவது ஆகும்.

அந்த யூ.சி.யைத் திருப்பிக் கொடுத்து ரூபாய் கேட்க முடியுமா? ஆட்டமே நிலையாக இருக்குமா என்றும் தெரியாது. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. வந்தது. 2022 ஜூலையில் அதையும் ஆப் கடைகளிலிருந்து எடுத்தார்கள், 2023 மே மாசம் திரும்ப விட்டார்கள். கதவு மூடுகிறதும் திறக்கிறதும் நம் கையில் இல்லாத இடத்தில் உன் சேமிப்பு கிடக்கிறது.

காசு போனால் போகட்டும். ராயல் பாஸ் என்று ஒன்று வாங்குகிறாயே, அதுதான் எனக்குக் கவலை. காசு கொடுத்த பிறகு லெவல் ஏறினால்தான் பரிசு. ஏறாவிட்டால் கொடுத்தது வீண். அதனால் பிடிக்காத நாளிலும் மிஷனை முடிக்க உட்காருகிறாய். நம் ஷெட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கூலி கொடுக்கிறேன். நீ கூலியும் கொடுத்துவிட்டு வேலையும் பார்க்கிறாய்.

விடிவதற்கு முன்னாடியே ஷெட்டில் பல்பு எரிவதைப் பார்த்து, "எதுக்கு அப்புச்சி?" என்று சின்ன வயசில் கேட்டாய். பகல் நீளமாகத் தெரிந்தால்தான் கோழி ஒழுங்காக முட்டையிடும். சூரிய வெளிச்சத்தோடு பல்பையும் சேர்த்து 16 மணி நேரம் ஆக்குவோம். உன் தினசரி மிஷனும், திரையில் இறங்கிக்கொண்டே வரும் கடிகாரமும் அந்தப் பல்புதான். ஒரு வித்தியாசம் இருக்கிறது. மீதி எட்டு மணி நேரம் இருட்டை நாங்கள் கோழிக்குக் கண்டிப்பாக விடுவோம். உனக்கு யார் விடுகிறார்கள்?

சட்டம் விடாது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டிப் பணம் எடுக்கிற ஆட்டங்களைத்தான் தடுக்கிறது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஆடக் கூடாது என்று தமிழ்நாடு போட்ட விதியும் அவற்றுக்குத்தான், உன் ஆட்டத்துக்கு அல்ல. பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்தால் நாளைக்கு மூன்று மணி நேரம் என்று பி.ஜி.எம்.ஐ. வந்தபோதே கம்பெனி எல்லை வைத்தது. நீ அம்மாவின் பிறந்த தேதியைக் கொடுத்து அதைத் தாண்டிவிட்டாய். அதை மட்டும் மாற்றிவிடு, கண்ணு. பொய் எனக்குப் பிடிக்காது.

ஒரு நோட்டுப் போடு. நான் ஒவ்வொரு பேட்ச் கோழிக்கும் போடுகிற மாதிரி. யூ.சி. என்று எழுதாதே, ரூபாய் என்று எழுது. ஆடிய மணியையும் எழுது. இந்தப் பாஸ் முடிகிறவரை புதுசு வாங்காதே. மிச்சம் கிடக்கிற யூ.சி. அப்படியே கிடக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக் குஞ்சு இறங்குகிறது. நோட்டை எடுத்துக்கொண்டு வா. அம்மாயி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன்
அப்புச்சி