பட்டாளத்துக் கேப்டனும் மாசிக்காயும்

எங்க தாத்தா பட்டாள உடுப்பில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கு. ஓரத்தில் ஆரம்பித்த மஞ்சள் இப்போது தோள் வரைக்கும் வந்துவிட்டது. "முகமும் போயிடுமாடி?" என்று பாட்டி கேட்கிறார். அதற்காகத்தான் பழைய போட்டோ முறைகளைப் படித்தேன். அப்போது தெரிந்தவர் லின்னேயஸ் டிரைப். அவரும் பட்டாளத்துக்காரர்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அவர் கேப்டன். 1856ல் சென்னை மாகாண அரசு அவரைப் போட்டோ எடுக்க நியமித்தது. 1858ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போய்ப் படம் எடுத்தார்.

அப்போது சுருள் ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகடு என்றால் கொலோடியன் என்ற பசையைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவணும். மதுரை வெயிலில் அது எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும், சொல்லுங்கள்! மெழுகு ஊட்டிய காகிதம் என்றால் முன்னாடியே தயார் செய்து கொண்டுபோகலாம். ராத்திரி தங்குகிற இடத்தில் கழுவலாம். வண்டி குலுங்கினாலும் உடையாது. டிரைப் பெரும்பாலும் காகிதத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்.

காகிதத்தில் வெள்ளி உப்பு இருக்கும். வெளிச்சம் பட்டால் படம் பதியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. காலிக் அமிலத்தில் போட்டால் வெளிச்சம் பட்ட இடம் வெள்ளியாக மாறிக் கறுக்கும். இந்த அமிலம் எதில் இருக்கு தெரியுமா? மாசிக்காயில்! கைக்குழந்தைக்கு உரசிக் கொடுப்போமே, அதேதான். கடைசியில் ஹைப்போ கரைசல் மிச்ச உப்பைக் கரைத்துவிடும்.

குறையும் உண்டு. பல நிமிஷம் வெளிச்சம் காட்டணும் என்பதால் நடந்து போகிறவர்கள் பதியவே மாட்டார்கள். அவர் எடுத்த கோயில்கள் வெறிச்சென்று இருக்கும். எனக்கு அதுதான் வருத்தம். வானமும் சரியாக வராது என்று நெகட்டிவில் மேகத்தை வரைந்துவிட்டார். கொஞ்சம் ஏமாற்றுதான்! ஆனால் கல் நகராதே. தஞ்சைப் பெரிய கோயில் அடிச்சுவர்க் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி!

அவர் படங்கள் இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. தாத்தா படம் அதைவிட நூறு வருஷம் புதுசு. அது ஏன் மஞ்சளாகணும்? முன்பு போட்டோக் கடை வைத்திருந்த ஒரு மாமா பார்த்துவிட்டு, "ஹைப்போ போற வரைக்கும் தண்ணியில அலசலைம்மா. மிச்சம் நின்னா வெள்ளியைக் கெடுத்துடும். நம்ம செண்பகனூர் ஈரம் வேற" என்றார். இப்போது அலசினால் படம் உரிந்துபோகுமாம்.

அதனால் ஸ்கேன் எடுத்துவிட்டோம். படத்தை அடுப்படிச் சுவரிலிருந்து இறக்கி, பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போட்டு, காகித உறையில் வைத்துப் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம். முகம் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி