படம் பார்க்கப் பழகும் பிள்ளைகளுக்கு

பம்மலில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகள், விலங்குகள் நிறைந்த காட்டு ஓவியத்தைக் கண்டதும் “அழகா இருக்கு தாத்தா” என்று சொல்லி அடுத்த தாளைப் புரட்டிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலில், சமணர் குடைவரையின் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் எண்ணுங்கள். அக்குளத்தில் மீன், பறவை, எருமை, யானை, பூக்கொய்யும் மூவர் இருக்கிறார்கள். கண்ணில் பட்ட அத்தனையையும் சொல்லி முடிக்கும்வரை கருத்துச் சொல்லாதீர்கள்.

2. நிலமும் பொழுதும் கேளுங்கள். தொல்காப்பியம் இவற்றைத்தான் முதற்பொருள் என்கிறது. மலையா, காடா, வயலா? விடியலா, மாலையா? நிழல் விழும் பக்கம் பாதி விடை சொல்லும்.

3. கருப்பொருள், அதாவது அந்நிலத்துக்குரிய உயிர்களும் பொருள்களும், பொருந்துகிறதா என்று பாருங்கள். புலியும் யானையும் மலையான குறிஞ்சிக்கு, மானும் முயலும் காடான முல்லைக்கு, எருமை வயலான மருதத்துக்கு. சித்தன்னவாசலில் மருதத்து எருமையும் குறிஞ்சி யானையும் ஒரே குளத்தில் இறங்கியிருக்கின்றன. பொருந்தாததைப் பிழை என்று தள்ளாதீர்கள். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

4. எது எதைப் பார்க்கிறது, எது எதற்கு அஞ்சுகிறது என்று தேடுங்கள். படத்தின் உரிப்பொருள், அதாவது அதன் உணர்வு, அதில் இருக்கிறது. இக்குளத்தில் துரத்தலும் இல்லை, ஓட்டமும் இல்லை.

5. யாருக்காக வரைந்தது என்று அறியுங்கள். சமண அருகரான தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தைச் சேர்ந்த குளம் இது என்பது அறிஞர் பலர் கருத்து. எல்லா உயிரும் பகையின்றிக் கூடும் அவை அது. இப்போது யானையும் எருமையும் சேர்ந்து நிற்பது விளங்குகிறதா?

6. சுவரையும் படியுங்கள். இந்த ஓவியம் சுண்ணப் பூச்சின்மேல் இட்ட வண்ணம். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் குடைவரைக் கோயிலைப் புதுப்பித்ததை 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. உதிர்ந்துபோன இடத்தைக் கற்பனையால் நிரப்பாதீர்கள்.

7. உயிருள்ளதைப் பார்த்துவிட்டு வாருங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவில் யானையின் நடையையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நாரை நிற்கும் நிலையையும் கண்டவருக்கே, ஓவியர் எதைக் கூட்டினார், எதை விட்டார் என்று தெரியும்.

ஒருமுறை சித்தன்னவாசலுக்குப் போய்வாருங்கள். சுவரைத் தொடாமல், படம் எடுக்கும் அவசரமில்லாமல், கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் காத்திருக்கும் குளத்துக்கு நாம் கொடுக்க வேண்டியது அந்த நேரம்தான்.